தரை உப்பு

பருத்திச் செடிகள் வெறுங்குச்சியாக நின்ற பிறகும் அந்த வருஷம் டெல்டாவில் குளிர் இறங்கவில்லை. டிசம்பர் பிறந்தும் கொசு கடித்தது. வெள்ளைக்காரத் துரையின் பருத்தித் தோட்டத்தில் கறுப்பர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் அநேகமாக எல்லோர் பட்டியிலும் பன்றி கொழுத்து நின்றது. அறுக்கத்தான் வழியில்லை. குளிர் உறைக்காத நாளில் அறுத்தால், எலும்பை ஒட்டிய கறி உப்பு உள்ளே இறங்குவதற்குள் நாறிவிடும்.

கடைசியில் ஒரு காலை கிணற்றுக் கயிறு குச்சிபோல விறைத்துக் கிடந்தது. ஹோசியா அதை வளைத்துப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான். அவன் மனைவி வெர்னெல் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, வீட்டில் உப்பு இல்லை என்பதை ஞாபகப்படுத்தினாள்.

வரும் என்றான் அவன்.

எங்கள் பக்கத்தில் பன்றி அறுப்பு என்றால் அப்படித்தான். ஒரு முழுப் பன்றிக்கு ஆகிற உப்பு எந்த வீட்டிலும் மொத்தமாக இருக்காது. அறுக்கிற வீட்டுக்கு மற்ற வீட்டார் ஆளுக்கொரு தட்டு உப்போடு வருவார்கள். வேலை செய்துவிட்டு, ஈரலும் முதுகெலும்புமாகக் கைநிறையக் கறியோடு திரும்புவார்கள். அடுத்த நாள் அடுத்த வீடு. யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பன்றி கத்துகிற சத்தம்தான் அழைப்பு. அதிலும் கத்தி பிடிப்பவன் எல்லா வீட்டுக்கும் ஹோசியாதான். பன்றியின் கழுத்தில் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிற கை அவனுடையது. மற்றவர்கள் குத்தினால் அது பட்டி முழுக்க ஓடி, கறியில் ரத்தம் கட்டிப்போகும்.

இந்த வருஷம் அவனைக் கத்தி பிடிக்க யாரும் கூப்பிடப் போவதில்லை என்று வெர்னெலுக்குத் தெரியும். ஆகஸ்ட் மாதம் அவன் ஊருக்குள் கோர்ட்டுக் கட்டடத்துக்குப் போய், ஓட்டுப் போடுகிறவர்கள் பட்டியலில் தன் பேரையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். சேர்க்கவில்லை. சட்டத்தில் ஏதோ ஒரு பத்தியைக் காட்டி விளக்கம் கேட்டார்கள். அவன் சொன்னது சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவன் வீடு வந்து சேரும் முன்பே செய்தி நிலத்துக்காரர் ஹார்லன் துரை வீட்டுக்குப் போய்விட்டது. எதற்குப் போனாய் என்று வெர்னெல் பலமுறை கேட்டாள். அந்த ஆபீசில் அவனை எல்லோரும் 'ஹார்லனோட ஆளு' என்றுதான் சொல்வார்கள் என்றும், ஹோசியா கேட்லின் என்று முழுப்பேரையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது என்றும் ஒருநாள் சொன்னான். வேறு காரணம் அவனிடம் இல்லை. அவனை ஓட்டுரிமைக் கூட்டத்துக்கு அழைத்துப்போன காலேஜ் பையன்கள் இப்போது ஜெயிலில் இருந்தார்கள்.

பருத்தி எடுத்து முடிகிறவரை துரை வாயே திறக்கவில்லை. கடைசிச் சாக்கு எடை போட்ட மறுநாள் மேனேஜர் வீடு வீடாக வந்தான். கேட்லின் வீட்டு வாசலை மிதிக்கிறவர்கள் மூட்டையைக் கட்டிக்கொள்ளலாம் என்றான். கேட்லினை மட்டும் போகச் சொல்லவில்லை. தானாகப் போகட்டும், அல்லது கோர்ட்டில் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து வரட்டும் என்பது ஏற்பாடு. துரையின் தோட்டத்துக் கடையில் அவர்களுக்குக் கடன் கொடுப்பது நின்றது. அதன் பிறகு சோளரொட்டியும் உலர்ந்த பட்டாணியும்தான். பட்டாணிச் சாக்கும் அடி தெரிய ஆரம்பித்திருந்தது. பட்டியில் நின்ற ஒற்றைப் பன்றிதான் குளிர்காலத்தைத் தாண்டுவதற்கு இருந்த ஒரே வழி.

"யாராவது ஒருத்தர் வந்தப்புறம் குத்து," என்றாள் வெர்னெல்.

"சத்தம் கேட்டா வந்துருவாங்க புள்ள. மேனேஜர் சொன்னா காதும் அடைச்சுக்குமா?"

குத்தினான். சுத்தமான குத்து. பன்றி கத்திய கத்தல் உறைந்த வயலைத் தாண்டி ஆற்றங்கரை வரை போயிருக்கும். ரத்தம் வாளியில் இறங்கி நின்றது. ஹோசியா கத்தியைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றான்.

புகைபோக்கிகளில் புகை வந்துகொண்டிருந்தது. எதிர் வரிசையில் சர்ச்சுப் பெரியவர் டீக்கன் பர்ல் வீட்டுக் கதவு திறந்தது. கையில் தட்டோடு ஒரு பெண்பிள்ளை வெளியே கால் வைத்தது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அதன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது. பிறகு எந்தக் கதவும் திறக்கவில்லை.

செத்த பன்றி காத்திருக்காது. ஆறு ஆண்கள் பார்க்கிற வேலையை அவனும் வெர்னெலும் மூத்த மகள் லோரீனும் பார்த்தார்கள். சாய்த்து வைத்த பீப்பாயில் வெந்நீர் ஊற்றி, ஹோசியா அந்த நீரில் விரலால் விறுவிறுவென்று மூன்று தடவை கோடு இழுத்தான். மூன்றாவது தடவை விரலை எடுத்துக்கொள்ளத் தோன்றினால் சூடு சரி. அதற்கு மேல் போனால் மயிர் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுரண்டினாலும் வராது. பன்றியைப் பாதி முக்கி எடுத்துத் திருப்பி மறுபாதி முக்க அவர்களால் முடியவில்லை. சாக்கைப் போட்டு மூடி, அதன்மேல் வெந்நீரை மொண்டு ஊற்றித்தான் சுரண்டினார்கள். கோவேறு கழுதையைக் கட்டி இழுத்து மரக்கிளையில் தலைகீழாகத் தூக்கினார்கள். கயிறு ஒருமுறை நழுவி வெர்னெலின் உள்ளங்கையைத் தோலோடு உரித்துக்கொண்டு போனது. அவள் கையைப் பாவாடையில் சுற்றிக்கொண்டு குடலைத் தாங்கத் தொட்டியைப் பிடித்தாள். லோரீன் குடலைக் கழுவும்போது குளிரில் அழுதாள். யாரும் அவளை அழாதே என்று சொல்லவில்லை.

அன்று மத்தியானம் எல்லோரும் ஈரல் தின்றார்கள். சின்னவர்கள் இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்து முகமே மாறியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஹோசியா கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்துக் கடைக்குப் போனான். கையில் காசு இருந்தது.

கடைக்காரன் பெல் சின்ன வயசு வெள்ளைக்காரன். ஹோசியாவுக்குத் தம்பியாகிற வயசு. உப்பு இல்லை என்றான். அவன் முழங்கைக்குப் பின்னால் சாக்குகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"அது என்னங்கய்யா?"

"அது மாட்டுக்கு."

"மாட்டு உப்பே போதுங்கய்யா. எங்களுக்கு அது வித்தியாசம் தெரியாது."

"மாடு ஒண்ணும் கோர்ட்டுக்குப் போகல பையா," என்றான் பெல். கடையில் நின்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். பெல் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்லது செய்கிறவன்போலச் சொன்னான். கோர்ட்டுக்குப் போய் அது தெரியாமல் செய்த தப்பு, என் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னால் போதும். அங்கிருந்து நேரே இங்கே வந்தால், தானே மூட்டையை அவன் தோளில் ஏற்றிவிடுவதாகச் சொன்னான்.

மறுநாள் விடியற்காலையில் ஹோசியா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்கு நடந்தான். பாலத்தைத் தாண்டும்போதே முகத்தில் காற்று மாறியது தெரிந்தது. தெற்குக் காற்று. ஈரமும் வெதுவெதுப்புமாக இருந்தது. அந்தக் கடைக்காரர் முதலில் சாக்கை எடுத்துத் தராசில் வைத்தார். பிறகு எந்தத் தோட்டம், பேரென்ன என்று கேட்டார். கேட்டதும் சாக்கைத் திரும்ப இறக்கி வைத்தார்.

வெர்னெல் வீட்டில் சும்மா இருக்கவில்லை. காற்று மாறியது அவளுக்கும் தெரிந்திருந்தது. துண்டம் போட்ட கறி புகைக்கொட்டிலில் பலகைமேல் கிடந்தது. தொடையை அழுத்திப் பார்த்தாள். நேற்றுக் கல்லாக இருந்தது இன்றைக்கு விரலுக்கு இறங்கிக் கொடுத்தது. அப்போதுதான் அவள் பார்வை தரைக்குப் போனது.

அவள் குமரியாகப் பருத்தி எடுக்கிற காலத்தில் கிழவிகள் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. அடிமைகளை விடுவித்த பெரிய சண்டையின்போது உப்பு வராமல் போய், எஜமானிகள் அடிமைப் பெண்களை விட்டுப் புகைக்கொட்டில் தரையைச் சுரண்டவைத்தார்களாம். வருஷக்கணக்காகக் கறியிலிருந்து சொட்டிச் சொட்டி இறங்கிய உப்பு அந்த மண்ணில்தான் இருக்கும். மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சினால் உப்பு திரும்பி வரும். இந்தக் கொட்டில் இவர்கள் வருவதற்கு எவ்வளவோ முன்னால் கட்டியது.

மண்வெட்டியை எடுத்து ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தினாள். பின்பக்க மூலையில் மண்மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

"அம்மா, இங்க சும்மாவே உப்பு கெடக்கு," என்றாள் லோரீன்.

அதைப் பார்த்ததும் வெர்னெலுக்குக் கை வலி மறந்துபோனது. அந்த மூலையைத்தான் அதிகம் சுரண்டினாள். பீப்பாயின் அடியில் ஓட்டை போட்டு வைக்கோல் திணித்து, மண்ணைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். காப்பி நிறத்தில் சொட்டியது. அதைத் துணி வெளுக்கிற கொப்பரையில் ஊற்றி எரித்தாள். நுரையைத் தள்ளித் தள்ளி, சுண்டிச் சுண்டி, ஹோசியா வெறுங்கையோடு வாசலுக்கு வந்தபோது கொப்பரையின் அடியில் பழுப்பாக ஒரு படிவு நின்றது. அவள் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். கசந்தது. ஆனால் உப்புதான்.

"ஒன் கடையில கெடச்சுதா?" என்று கேட்டாள். "எங்கடையில கெடச்சிருச்சு."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஆகஸ்டுக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான். பொழுது சாயும்வரை காய்ச்சினார்கள். தொடை, சப்பை, விலா எல்லாவற்றிலும் தேய்த்தார்கள். மெல்லியதாகத்தான் வந்தது. ஆனாலும் ஒரு இடம் விடாமல் பூசிப் பெட்டியில் அடுக்கினார்கள். உரிந்த உள்ளங்கையில் உப்பு தீயாக எரிந்தது. இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்று அவள் அழுத்தித் தேய்த்தாள்.

மறுநாள் மத்தியானம் ஈஸ்டர் வந்தாள். வரிசையின் கடைசி வீட்டு விதவை. ரோட்டு வழியாக, மேனேஜர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே நடந்து வந்தாள். கையில் தட்டு இல்லை.

"கொட்டில்ல இருந்து நீ மண்ணு சுமந்தத நேத்துப் பாத்தேன். அந்தத் தரை மண்ணையா காய்ச்சுன?" என்று கேட்டாள்.

வெர்னெல் நிமிரவில்லை. "உப்பு கொண்டாந்தியா அக்கா?"

"இல்ல. என் வீட்டுக்கு எவ்வளவு போகுதுன்னு பெல் பாத்துட்டுல்ல இருக்கான்."

"அப்ப நான் எதக் காய்ச்சுனா ஒனக்கென்ன."

ஈஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு சொன்னாள். இவர்கள் வருவதற்கு முன்னால் இந்த வீடு சில வருஷம் பூட்டிக் கிடந்தது. அப்போது துரை இந்தக் கொட்டிலில்தான் பருத்திப் பூச்சிக்கு அடிக்கிற மருந்து மூட்டைகளை அடுக்கியிருந்தார். வெள்ளை மாவு. வண்டியிலிருந்து இறக்கியது அவள் புருஷன் கிளெம். கூரை ஒழுகி, பின்பக்க மூலையில் மூட்டைகள் நனைந்து வெடித்து மண்ணோடு மண்ணாகப் போயின. அங்கே நக்கிய ஒரு கோவேறு கழுதை விறைத்து விழுந்து செத்தது. கிளெம்தான் அதை இழுத்துப்போய்ப் புதைத்தான்.

லோரீன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். வெர்னெல் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தாள். மகளை இழுத்துத் தொட்டியில் கைகளை முக்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பொண்ணே, நாக்குல வச்சியா, வச்சியா என்று கேட்டுக்கொண்டே தேய்த்தாள். இல்லை என்று அவள் சொன்ன பிறகும் கேட்டாள். சின்னவர்களுக்கு அதில் ஒரு பருக்கைகூடக் கொடுக்கவில்லை என்பது நினைவு வந்த பிறகுதான் நின்றாள்.

ஹோசியா ஈஸ்டர் பக்கம் திரும்பினான்.

"ஒன்ன யாரு அனுப்பிச்சா?" என்று கேட்டான்.

"ஹோசியா," என்றாள் வெர்னெல்.

"நீ இரு. உப்பு குடுக்காமப் பாத்தாங்க, நம்ம தரையில கெடச்சிருச்சு. இப்ப நம்ம கையாலயே கறியக் குழியில தள்ள வைக்கணும். அதுக்கு ஒரு வார்த்த போதும்ல. மேனேஜர் வீட்டுக்கு எதுக்கவே பட்டப்பகல்ல நடந்து வர்றா. ஒருத்தனும் அவள நிறுத்தல. எப்படி?"

ஈஸ்டர் கோபப்படவில்லை. "கேக்கத்தான் செய்வ தம்பி. முந்தாநாள் அது கத்துனப்ப நான் தலகாணிய காதுல அமுக்கிக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். என்னையக் கேக்காம வேற யாரக் கேப்ப." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அதக் கேட்டுட்டுப் படுத்துக் கெடக்க முடிஞ்சுது. இதத் தெரிஞ்சுக்கிட்டுப் படுக்க முடியல. சொல்லிட்டேன். இனி ஒங்க பாடு."

ஆனால் அவள் போகவில்லை. படியிலேயே நின்றாள்.

ஹோசியா கொட்டிலுக்குள் போய்த் தொடையிலிருந்து ஒரு பெரிய துண்டத்தை வெட்டிக்கொண்டு வந்தான். இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தான். தான் தின்று பார்ப்பதாகச் சொன்னான். நாளைக்குக் காலையில் எழுந்து நின்றால் பிள்ளைகளுக்குப் போடு, இல்லையென்றால் இவள் சொன்னது மெய் என்றான். கறி சீறியது. வாசனை வீட்டை நிறைத்தது. சின்னவர்கள் இரண்டும் அடுப்படிக்கு வந்து நின்று சட்டியையே பார்த்தன. சின்னவன் அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

வெர்னெல் அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"தின்னு," என்றாள். "நல்லாத் தின்னு. நீ செத்துட்டா கோர்ட்டுல ஒம்பேர அவங்களே அடிச்சிருவாங்க. அம்புட்டுத் தூரம் நடக்குற அலுப்பு ஒனக்கு மிச்சம்."

அவன் முள்கரண்டியோடு நின்றான்.

"அக்கா பொய் சொல்லலாம்," என்று அவள் மெதுவாகத் தொடர்ந்தாள். "பொய்யாவே இருக்கட்டும். பொய்யின்னா பட்டினி கெடப்போம். பட்டினி எனக்குத் தெரியும், அத எப்படிப் பாத்துக்கணும்னு தெரியும். நீ இந்த அடுப்படியில விறச்சுக் கெடந்தா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாது ஹோசியா."

அவள் சட்டியைக் கைப்பிடித் துணிகூட இல்லாமல் தூக்கி நெருப்பில் கவிழ்த்தாள். கொழுப்பு குப்பென்று எரிந்தது. ஹோசியா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் வீட்டுப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

ஈரமண் என்பதால் குழி சீக்கிரம் இறங்கியது. வெர்னெலும் ஈஸ்டரும் சாக்குத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தொடைகளைச் சுமந்து வந்தார்கள். ஈஸ்டர் வயதுக்கு அது பெரிய சுமை. இரண்டுமுறை கீழே வைத்து எடுத்தாள். மிஞ்சியது காய்ச்சி வடித்த கொழுப்புச் சட்டியும் தலையும் கழுவிய குடலும்தான். ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது.

அறுப்புக்கு வராத சனம் புதைப்புக்கு வந்தது. வாசலை மிதிக்கவில்லை. ரோட்டோரத்தில் நின்றார்கள். ஒவ்வொரு துண்டமும் குழிக்குள் விழும்போது பெண்கள் பக்கம் முனகல் எழுந்தது. டீக்கன் பர்ல் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரமாகச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். அவர் வீட்டுப் பன்றிக்குக் கோடையில் நோய் வந்து பட்டி காலியாகத்தான் கிடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். குழியை எட்டிப் பார்த்தார்.

"ஹோசியா," என்றார். "நல்லாக் கழுவி, ரெண்டு மூணு தண்ணி மாத்தி வேகவச்சா அது போயிராதா?"

ஹோசியா அடுத்த துண்டத்தைக் குழிக்குள் தள்ளினான்.

"அந்த ஒத்தச் சப்ப மட்டும். என் வீட்டுல ஏழு இருக்கு தம்பி."

முந்தாநாள் கதவுக்குள்ளிருந்து நீண்ட கை அவருடையதுதான். வெர்னெலின் வாயில் அது வந்து நின்றது. ஆனால் அவர் அவளைப் பார்க்கவில்லை, குழிக்குள் கிடந்த கறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எச்சிலை விழுங்கினார். இவர் இப்போது போய்விட்டு, ஆள் அடங்கிய பிறகு மண்வெட்டியோடு வருவார் என்று அவளுக்குத் தெரிந்தது. இவர் வராவிட்டால் ரோட்டில் நிற்கிற வேறொருவர் வருவார்.

வீட்டுக்குள் போய் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்து வந்தாள். விளக்குக்கு வைத்திருந்த கடைசி எண்ணெய். பர்ல் பார்த்துக்கொண்டிருக்க, குழியைச் சுற்றிவந்து ஒரு துண்டம் விடாமல் ஊற்றினாள். டப்பாவைக் கவிழ்த்து உதறினாள். பர்ல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். வந்த வழியே போனார்.

"விளக்குக்கு என்னம்மா செய்ய?" என்று கேட்டாள் லோரீன்.

"இருட்டுறதுக்குள்ள படுத்துக்குவோம்."

ரோட்டில் மேனேஜரின் பிக்கப் வண்டி வேகத்தைக் குறைத்துப் போனது. நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஈஸ்டர் அதே ரோட்டில் தன் வீட்டுக்கு நடந்தாள். வண்டி அவளுக்குப் பின்னாலேயே மெதுவாக ஊர்ந்து போவதை வெர்னெல் பார்த்தாள்.

ஹோசியா மண்ணைத் தள்ள ஆரம்பித்துவிட்டு நிறுத்தினான். மண்வெட்டிக் காம்பில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் அருகில் போகவில்லை. அடங்கட்டும் என்று நின்றாள்.

"நாளைக்குப் போறேன் புள்ள," என்றான் கடைசியில், முகத்தைத் தூக்காமல். "கோர்ட்டுக்குப் போயி பேர எடுத்துட்டு வந்துர்றேன். தப்புன்னு சொல்லிர்றேன்."

"சொன்னா?"

"உப்பு குடுப்பான்."

வெர்னெல் குழியைப் பார்த்தாள். எண்ணெயில் நனைந்த கொழுப்பு நீலமும் பச்சையுமாக மினுங்கியது.

"எதுல போட?" என்றாள்.

அவன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, உரிந்த உள்ளங்கையைச் சாக்குத்துணியால் சுற்றிக்கொண்டு, மண்ணைத் தள்ளத் தொடங்கினாள்.